கடன் சுமந்து கடல் கடப்பவர்கள்

ஜப்பான் தேசத்தின் ஷிஸுவோகா மாகாணத்தில், இப்போது ஃபுகுரோய் நகரத்தோடு சேர்ந்துவிட்ட அசாபா என்னும் ஊரில், ஒரு புத்த ஆலயத்தின் முற்றத்திலே ஒரு நினைவுக்கல் நிற்கிறது. 1918 ஆம் ஆண்டில் அதை நாட்டியவர் ஃபான் போய் சௌ என்ற வியட்நாமியர். யாருடைய ஞாபகார்த்தமாக அது நாட்டப்பட்டதோ அவர், வைத்தியத் தொழில் செய்து 1910 இல் அகாலமாக மறைந்த அசாபா சகிதாரோ என்ற ஜப்பானியர். தம் தேசத்து மாணாக்கர்கள் அயல் மண்ணில் கையில் காசின்றித் தவித்த வேளையில், தமக்கு எவ்விதத்திலும் கடமைப்படாத அந்த வைத்தியர் 1,700 யென் கொடுத்து ஆதரித்ததை மறக்கமாட்டாத ஃபான், பல வருஷங்கள் கழித்து மீண்டும் ஜப்பானுக்கு வந்து, உபகாரி உயிரோடு இல்லை என்பதை அறிந்து, பட்ட கடனைத் தீர்க்க வேறு வழி காணாமல், ஊராரின் ஒத்தாசையோடு அந்தக் கல்லை எழுப்பினார்.

வியட்நாமியப் பிள்ளைகள் வெளிநாடு சென்று கற்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாகவே எனக்கு ஓர் எண்ணம் உண்டு. ஹனோயில் சில காலம் தங்கியிருந்தபோது, தேநீர்க் கடை, பேருந்து, சர்வகலாசாலை வாசல் என்று எங்கே போனாலும் காதில் விழுந்த பேச்சு இதுவாகத்தான் இருந்தது. தெருவுக்குத் தெரு, மொழி வகுப்புகளின் விளம்பரப் பலகைகளும் அயல்நாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் முகவர் நிலையங்களின் பலகைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. எந்தத் தேசத்தில் எந்தப் படிப்பு, எவ்வளவு கட்டணம் என்று பட்டியல் போட்டுத் தருவதற்கு அந்த நிலையங்கள் போதும். எனக்குச் சொல்ல இருப்பது வேறு. ஒரு பிள்ளையின் பிரயாணச் செலவை யார் ஏற்றார்கள், ஏற்றவர்கள் அதற்கு ஈடாக அவனிடம் எதை எதிர்பார்த்தார்கள் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால், நூற்றிருபது வருஷத்து வியட்நாமியக் கல்விப் பிரயாணங்களின் சரித்திரம் முழுவதும் தெளிவாகிவிடுகிறது என்பதும், இன்று அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடை மிகவும் கவலைக்கிடமானது என்பதுமே என் அபிப்பிராயம்.

ஃபான் போய் சௌ 1867 இல் ங்கே ஆன் மாகாணத்தில் பிறந்தவர். நெல் விளைந்தாலும் புயலும் வெள்ளமும் வருஷந்தோறும் வந்து தாக்குகிற, ஏழ்மைக்கும் படிப்புக்கும் ஒருசேரப் பேர் போன பூமி அது. ஹோ சி மின் பிறந்ததும் அங்கேதான். பழைய முறைப்படி சீன நூல்களைக் கற்றுப் பரீட்சை தேறிய ஃபான், பிரெஞ்சு ஆட்சியை ஒழிப்பதற்கு ஆயுதம் கேட்கவே 1905 இல் ஜப்பானுக்குப் போனார். அங்கே அடைக்கலம் புகுந்திருந்த சீன அறிஞர் லியாங் சிச்சாவும், ஒகுமா, இனுகாய் முதலிய ஜப்பானிய ராஜதந்திரிகளும் அவரை வரவேற்று உபசரித்தார்கள். ஆனால் ஆயுதத்தைப் பற்றிய பேச்சை விட்டு, முதலில் உன் ஜனங்களில் படித்தவர்களை உண்டாக்கு என்று புத்தி சொன்னார்கள். அவர் ஏற்றுக்கொண்டார். இளைஞர்களே, கிழக்கே வாருங்கள் என்று அவர் எழுதி அனுப்பிய அழைப்பைக் கேட்டு, பிரெஞ்சு ஒற்றர்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, ஹாங்காங் வழியாகக் கப்பலேறி வந்து சேர்ந்தவர்கள் 1908 வாக்கில் ஏறக்குறைய 200 பேர். தெற்கே மேகாங் நதிப் பாசனத்தில் நெல் விளைவித்துச் செழித்த குடும்பங்கள் பணமும் கொடுத்தன, பிள்ளைகளையும் கொடுத்தன. இந்த இயக்கத்தைத்தான் வியட்நாமியர் கிழக்குப் பிரயாணம் என்று இன்றளவும் பக்தியோடு குறிப்பிடுகிறார்கள்.

அது நீடிக்கவில்லை. 1907 இல் பிரான்ஸும் ஜப்பானும் உடன்படிக்கை செய்துகொண்டன. பாரிஸிலிருந்து கடன் பெற விரும்பிய ஜப்பானிய சர்க்கார், பிரெஞ்சுக்காரரின் வற்புறுத்தலுக்கு இணங்கி மாணாக்கர்களைக் கலைந்துபோகச் சொல்லிற்று. ஊரிலே பெற்றோர்கள் போலீஸ் பயமுறுத்தலுக்கு ஆளாகி, திரும்பி வந்துவிடு என்று கடிதம் எழுதினார்கள். அசாபாவின் 1,700 யென் இந்த நெருக்கடியில் வந்ததுதான். 1909 இல் ஃபானும் வெளியேற்றப்பட்டார். ஆக முதல் அத்தியாயத்தில் செலவை ஏற்றவர்கள் தேசாபிமானிகளான நிலச்சுவான்தார்களும் ஓர் அன்னிய வைத்தியரும். பிள்ளையிடம் அவர்கள் கேட்டது தேசத்தின் விடுதலையை. மிகப் பெரிய விலைதான். ஆனாலும் அதைத் தனி ஒருவனாகத் தீர்க்கும்படி யாரும் எவனையும் நிர்ப்பந்திக்கவில்லை.

படிப்புக்கு வியட்நாமியர் கொடுக்கும் கௌரவம் இத்தகைய இயக்கங்களுக்கெல்லாம் வெகு காலம் முந்தியது. ஹனோயில் வான் மியெவ் என்னும் இலக்கியக் கோயில் 1070 ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. கன்பூசியஸுக்கு எடுத்த ஆலயமும், ராஜகுமாரர்கள் கற்பதற்காக 1076 இல் ஏற்பட்ட கல்விச்சாலையும் சேர்ந்தது அது. உள்ளே குளத்தின் இருமருங்கிலும் கல்லாமைகள் வரிசையாக அமர்ந்திருக்க, ஒவ்வோர் ஆமையின் முதுகிலும் ஓர் ஆளுயரப் பலகைக்கல் நிமிர்ந்து நிற்கிறது. 82 கற்களில், 1442 முதல் 1779 வரை நடந்த உயர் பரீட்சைகளில் தேறிய 1,300க்கு மேற்பட்டவர்களின் பெயர்களும், அவரவர் பிறந்த கிராமத்தின் பெயரும் சீன எழுத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. தேறியவன் ஊருக்குத் திரும்பும்போது கிராமமே எல்லைக்கு வந்து கொடி பிடித்து எதிர்கொள்வதும், அவன் முதலில் மூதாதையர் சந்நிதியில் தலை வணங்குவதும் அக்காலத்து முறை. நான் போயிருந்த சமயம் பரீட்சைக் காலம். வெள்ளைச் சட்டை அணிந்த பள்ளிப் பிள்ளைகள் கும்பல் கும்பலாக வந்துகொண்டிருந்தார்கள். ஆமைத் தலையைத் தொட்டுக் கும்பிட்டால் பரீட்சை தேறும் என்ற நம்பிக்கையில் தலைமுறை தலைமுறையாகத் தடவித் தடவி வழவழப்பாகிவிட்ட கல்லைக் காப்பாற்றுவதற்காக வேலி போட்டிருந்தார்கள். ஒரு சிறுமி அந்த வேலிக்கு மேலாகக் கையை நீட்டிப் பார்த்து, எட்டாமல், அப்படியே நின்ற இடத்திலிருந்து கை குவித்துவிட்டுப் போனாள். பிறந்த கிராமத்தின் பெயரையும் சேர்த்துச் செதுக்கியிருக்கிறார்களே, அதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்தச் சமூகத்தில் ஒருவனுடைய படிப்பு அவனுடையது மட்டும் ஆனதே இல்லை.

பழைய பரீட்சை முறை 1919 இல் ஹுவே நகரத்தில் கடைசி முறையாக நடந்து மறைந்தது. பிரெஞ்சு ஆட்சியில் பாரிஸ் சென்று கற்றவர்கள் சிலர். அவர்களில் பொறியியலில் பல பட்டங்கள் பெற்று, நல்ல உத்தியோகத்தில் அமர்ந்திருந்து, 1946 இல் ஹோ சி மின்னோடு கப்பலேறித் திரும்பிக் காட்டிலே ஆயுதத் தொழிற்சாலை நடத்திய திரான் டாய் ங்கியா என்பவரைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பதிவு எழுதலாம். இங்கே வேண்டாம்.

இரண்டாவது அத்தியாயம் மாஸ்கோவுடையது. பிரெஞ்சுக்காரருடன் யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1951 இல், வட வியட்நாம் 21 மாணாக்கர்களைச் சோவியத் நாட்டுக்கு அனுப்பிற்று. 1955 இல் ஏறத்தாழ 150 சிறு பிள்ளைகள் கிழக்கு ஜெர்மனியில் டிரெஸ்டனுக்கு அருகிலுள்ள மோரிட்ஸ்பர்க்கில் ஒரு விடுதிக்கு அழைத்துச் செல்லப்பட்டு, ஜெர்மன் பாஷையும் தொழிலும் கற்று வளர்ந்தார்கள். பிறகு அமெரிக்க விமானங்கள் குண்டு பொழிந்த வருஷங்களிலும் இந்த ஓட்டம் நிற்கவில்லை. போர்முனையில் ஆள் பற்றாத காலத்திலே, படிப்பில் சிறந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களைத் துப்பாக்கியிலிருந்து விலக்கி ரயிலேற்றி மாஸ்கோவுக்கும் புடாபெஸ்ட்டுக்கும் வார்ஸாவுக்கும் அனுப்ப ஒரு சர்க்கார் தீர்மானித்தது என்றால், யுத்தம் முடிந்த பிறகு அணை கட்டவும் ஆஸ்பத்திரி நடத்தவும் ஆட்கள் வேண்டும் என்று அது நினைத்ததே காரணம். அந்தத் தீர்க்க திருஷ்டியை நான் மனமார மெச்சுகிறேன். அந்த அரசின் மற்ற காரியங்களில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு, இதில் இல்லை.

டாங் தாய் சோன் என்ற பியானோக் கலைஞரின் வாழ்க்கை இந்தக் காலத்துக்கு ஒரு நல்ல சாட்சி. 1958 இல் ஹனோயில் பிறந்த அவர், நகரம் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது, தாயார் கற்பித்துவந்த இசைக் கல்லூரியோடு மலையடிவாரக் கிராமம் ஒன்றுக்கு இடம்பெயர்ந்தார். மிகுந்த பிரயாசையுடன் அங்கே கொண்டு சேர்க்கப்பட்ட பழைய பியானோக்களில், முறை வைத்துக்கொண்டு பயின்றார்கள் பிள்ளைகள். 1974 இல் ஹனோய்க்கு வந்த ஐஸக் காட்ஸ் என்ற ருஷிய ஆசிரியர் அவர் வாசிப்பைக் கேட்டார். 1977 இல் சோன் மாஸ்கோ இசைக் கல்லூரியில் சேர்ந்தார். 1980 இல் வார்ஸாவில் நடந்த சோப்பின் போட்டியில் முதற்பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. அந்தக் குடும்பத்தின் கையிலிருந்து, மாஸ்கோவில் கற்பதற்கென்று ஒரு காசு செலவானதாக இருக்க முடியாது.

ஹனோயில் எனக்கு வாய்த்த சிநேகிதி ஒருத்தி, கணிதம் கற்பிக்கும் ஆசிரியை, தன் தகப்பனார் கீவ் நகரத்தில் உலோகவியல் படித்துவிட்டுத் திரும்பியபோது கொண்டுவந்த இஸ்திரிப் பெட்டியை எனக்குக் காட்டினாள். அந்நாட்களில் சோவியத் நாட்டிலிருந்து திரும்பும் மாணாக்கர்கள் தம் உபகாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இஸ்திரிப் பெட்டி, பிரஷர் குக்கர், மின்விசிறி, அதிர்ஷ்டமிருந்தால் சரதோவ் என்ற முத்திரை போட்ட குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றை மரப்பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். அவற்றை விற்ற பணத்தில் வீடு கட்டியவர்கள், தங்கையின் கல்யாணத்தை முடித்தவர்கள் அநேகர். "எல்லாவற்றையும் விற்றாகிவிட்டது. இதை மட்டும் அம்மா கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்" என்றாள் அவள். ராஜாங்கம் செலவழித்துப் படிக்கவைத்தது. படித்தவன் திரும்பி வந்து ராஜாங்கத்துக்கு உழைத்தான். நடுவிலே குடும்பத்துக்கும் கொஞ்சம் லாபம். கட்டுப்பாடுகள் கடுமையானவை, எந்தப் பாடம், எந்த ஊர் என்று தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் பெரும்பாலும் இல்லை. ஆனால் படிப்பு முடிந்து இறங்கிய அன்று எந்தப் பிள்ளையின் தலையிலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை.

அமெரிக்காவோடு உறவு திரும்பிய விதத்திலும் கடன் ஒன்று நுழைந்தது. அது மிகவும் விசித்திரமானது. வியட்நாமும் அமெரிக்காவும் 1995 இல் ராஜாங்க உறவு கொண்டபின், பழைய தென் வியட்நாம் சர்க்கார் அமெரிக்காவிடம் பட்டிருந்த கடனைத் தான் ஏற்பதாக 1997 இல் ஹனோய் ஒப்புக்கொண்டது: சுமார் 14 கோடியே 50 லட்சம் டாலர். தன்னை எதிர்த்துப் போர் புரிந்த சர்க்காரின் கடனைத் தோற்கடித்தவனே கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பணத்தை அப்படியே விழுங்கிவிடாமல், வருஷத்துக்கு 50 லட்சம் டாலரை எடுத்து வியட்நாமிய மாணாக்கர்களை அமெரிக்க சர்வகலாசாலைகளில் விஞ்ஞானமும் கணிதமும் வைத்தியமும் பொறியியலும் கற்கச் செய்வதற்கென்று, 2000 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, வியட்நாம் கல்வி அறக்கட்டளை என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்திற்று. போர்முனையில் இருந்தவர்களே அதற்கு முன்னின்றார்கள். சென்றவர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷமாவது தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடனைக் கல்வியாக மாற்றிய இந்த ஏற்பாடு மிகவும் அபூர்வமானது.

இப்போது நிகழ்காலத்துக்கு வருகிறேன். பொருளாதாரக் கட்டுகளைத் தளர்த்திய 1986 ஆம் வருஷத்துச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு, சோவியத் உதவியும் மறைந்துவிட, செலவு மெல்ல மெல்ல ராஜாங்கத்தின் தோளிலிருந்து குடும்பத்தின் தோளுக்கு மாறியது. அரசுத் திட்டங்கள் இல்லாமல் போகவில்லை. 2000 இல் தொடங்கிய 322 ஆம் எண் திட்டமும், பின்னர் வந்த 911 உம், 89 உம் ஆசிரியர்களையும் ஆராய்ச்சியாளர்களையும் அனுப்பின, அனுப்புகின்றன. ஆனால் வெளியே போகும் கூட்டத்தில் அவர்கள் மிகச் சிறு பங்கு. அமெரிக்காவில் 2023-24 கல்வியாண்டில் இருந்த வியட்நாமியர் சுமார் 22,000 பேர். தென் கொரியாவில் 2023 இல் 43,000க்கு மேல். ஜப்பானிலோ 2019 இல் 73,000 ஐயும் தாண்டியிருந்தார்கள். ஆஸ்திரேலியா, தைவான், கனடா, ஜெர்மனி சென்றவர்கள் இந்தக் கணக்கில் சேராதவர்கள். 2023 இல் தனிநபர் வருமானம் வருஷத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் டாலராக இருந்த ஒரு தேசத்தில், இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் செலவு செய்வது தாய் தகப்பன்தான்.

பட்டணத்துப் பணக்காரக் குடும்பங்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஹனோயில் ஆம்ஸ்டர்டாம் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் நகரத்து டச்சு ஜனங்கள் கொடுத்த நன்கொடையில் 1985 இல் ஏற்பட்ட, திறமைசாலிகளுக்கான பள்ளி. அங்கே படிக்கும் பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்பிலேயே ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சை எழுதி, கட்டுரை தீட்டி, அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ உபகாரச் சம்பளம் வாங்கிவிடுகிறார்கள். நல்ல மதிப்பெண்ணும் நல்ல பள்ளியும் உள்ளவனுக்கு உலகம் பணம் கொடுத்துப் படிக்க வைக்கிறது. நடுத்தர மதிப்பெண் வாங்கிய கிராமத்துப் பிள்ளைக்குத்தான் படிப்பு விலைக்கு வருகிறது. அதுவும் அதிக விலைக்கு.

அந்தக் கிராமத்து வழி இது: முகவர் ஒருவர் வருகிறார், பெரும்பாலும் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். ஜப்பானில் படித்துக்கொண்டே வேலை செய்யலாம், ஆறு மாதத்தில் கடன் தீரும், ஒரு வருஷத்தில் ஊருக்குப் பணம் அனுப்பலாம் என்கிறார். வியட்நாமில் நிலத்தின் உபயோக உரிமைக்குச் சர்க்கார் கொடுத்த பழைய பத்திரங்களுக்குச் சிவப்பு அட்டை உண்டு. சிவப்புப் புத்தகம் என்றே சொல்வார்கள். அது வங்கிக்குப் போகிறது. அந்தப் பணத்தில் மொழிப் பள்ளியின் முதல் வருஷக் கட்டணம், விடுதி, விமானச் சீட்டு, முகவரின் கூலி எல்லாம் அடங்குகின்றன. கொரியாவுக்கானால், பெரிய வைப்புத் தொகை ஒன்றையும் வங்கியில் காட்ட வேண்டியிருக்கும்.

போன பிள்ளையின் கணக்கைப் பாருங்கள். ஜப்பானிய விதிப்படி மாணாக்கர் வாரத்தில் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நீண்ட விடுமுறையில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். மணிக்கு ஆயிரம் யென் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 28,000; நான்கு வாரத்துக்கு 1,12,000. மொழிப் பள்ளிக் கட்டணம் வருஷத்துக்கு ஏழெட்டு லட்சம் யென்; மாதத்துக்கு அறுபதாயிரத்துக்கு மேல் அதற்கே போய்விடுகிறது. மிஞ்சியது ஐம்பதாயிரம். நான்கு பேராக ஓர் அறையில் படுத்தாலும் வாடகை உண்டு. சோறு உண்டு, ரயில் உண்டு, தொலைபேசி உண்டு. ஊரில் வங்கிக்குக் கட்ட எங்கே மிச்சம்? சட்டத்துக்கு உட்பட்டு நடக்கிறவனால் கடனைத் தீர்க்க முடியாது. கடனைத் தீர்க்க முயல்கிறவன் சட்டத்தைத் தாண்ட வேண்டும் என்பது இந்தக் கணக்கிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே இரவு பத்து மணிக்கு, கடைகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலைக்குப் போய், தலையில் வலைத் தொப்பியும் வாயில் கவசமும் மாட்டிக்கொண்டு, ஓடுகிற பட்டையின் முன்னே நின்று, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டு முட்டை அல்லது ஒரு துண்டு ஊறுகாய் என்று விடியும் வரை வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒன்பது மணி வகுப்பில் தூங்கி விழுகிறான். இரண்டாவது வேலை வேறு பெயரில் நடக்கும். அகப்பட்டால் விசா புதுப்பிக்கப்படாது. கடன் மட்டும் அப்படியே நிற்கும். அப்புறம் சிலர் பள்ளியை விட்டே மறைந்துபோகிறார்கள்.

மறைந்துபோனவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் குற்றவாளி என்ற தொனி வந்துவிடுகிறது. அது எனக்கு மிகுந்த மனவருத்தம் தருகிறது. இவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளைகள். டோக்கியோவில் ஒரு வியட்நாமியப் பிக்ஷுணி தொண்டாற்றிய புத்த ஆலயம் ஒன்றில், ஜப்பானுக்கு வந்து இளம் வயதிலேயே இறந்துபோன மாணாக்கர்கள், தொழில் பயிற்சியாளர்கள் ஆகியோரின் பெயர் பொறித்த பலகைகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. நோய், விபத்து, அளவு மீறிய உழைப்பு, தற்கொலை என்று காரணங்கள் பல. இலக்கியக் கோயிலில் பெயரும் கிராமமும் செதுக்கிவைத்த அதே ஜனங்களின் பிள்ளைகள்தாம் இவர்கள்.

இப்படிச் சொல்வதால் முகவர்கள் எல்லோரும் மோசக்காரர்கள் என்றோ, போகவே கூடாது என்றோ பொருளில்லை. மொழிப் பள்ளியில் தொடங்கி, கல்லூரி முடித்து, இன்று ஜப்பானியக் கம்பெனிகளில் பொறியியலாளராக இருப்பவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் போலிப் பத்திரங்கள் கலந்த விண்ணப்பங்கள் பெருகியதால், ஹனோயிலுள்ள ஜப்பானியத் தூதரகமே சில முகவர் நிலையங்களின் விண்ணப்பங்களை வாங்க மறுத்த காலமும் இருந்தது. மொழிப் பள்ளிக்கு மாணாக்கர் வேண்டும், தொழிற்சாலைக்கு இரவு வேலைக்கு ஆள் வேண்டும், முகவருக்குக் கூலி வேண்டும். மூவர் தேவையையும் ஒரு விவசாயக் குடும்பத்தின் நிலப் பத்திரம் பூர்த்தி செய்கிறது.

வியட்நாமில் இந்த விஷயத்தைப் பற்றி நடக்கும் வாதப் பிரதிவாதமோ முற்றிலும் வேறு திக்கில் போகிறது. ஒலிம்பியா சிகரத்துக்குப் போகும் பாதை என்ற பெயரில் 1999 முதல் தொலைக்காட்சியில் நடந்துவரும் பள்ளி மாணாக்கர் வினாடி வினாவில் முதல் வந்தவர்களில் மிகப் பலர் ஆஸ்திரேலியாவில் படிக்க உபகாரச் சம்பளம் பெற்றிருக்கிறார்கள். சென்ற வெற்றியாளர்களில் பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட்டார்கள். இறுதிப் போட்டி முடிந்த மறுநாளே, இந்தப் பிள்ளையாவது திரும்பி வருமா என்ற விசாரம் பத்திரிகைகளில் தொடங்கிவிடுகிறது. டா நாங் நகர நிர்வாகம், தன் செலவில் படித்துவிட்டு ஒப்பந்தப்படி வந்து உழைக்காதவர்கள்மீது வழக்கே தொடுத்துப் பணத்தைக் கேட்டது. பொதுப்பணத்தில் படித்தவன் வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற இருபது முப்பது பேர் எங்கே குடியிருக்கிறார்கள் என்று கவலைப்படுவதற்குச் செலவாகும் காகிதத்தில் பத்திலொரு பங்காவது, சிவப்புப் புத்தகத்தை அடகு வைத்துவிட்டுப் போன ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செலவாக வேண்டாமா?

தவிர, திரும்பி வருவது என்பதையே உடம்பு வந்து சேர்வதாக மட்டும் எண்ணுவது பழைய பழக்கம். ங்கோ பாவ் சௌவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 இல் ஹனோயில் பிறந்து, சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் 1988 இலும் 1989 இலும் தங்கப் பதக்கம் பெற்ற அவர், முதலில் ஹங்கேரிக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. கிழக்கு ஐரோப்பாவில் ஆட்சிகள் கவிழ்ந்து அந்த வழி அடைபட்டது. பிரெஞ்சு சர்க்காரின் உபகாரச் சம்பளம் கிடைத்துப் பாரிஸுக்குப் போனார். முப்பது வருஷங்களாக நிரூபணம் கிடைக்காமல் கணித உலகத்தை வருத்திய அடிப்படைத் துணைத்தேற்றம் ஒன்றை நிறுவி, 2010 ஆகஸ்டில் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். அந்த வைபவம் நம் ஹைதராபாத்தில் நடந்தது. பதக்கத்தைக் கையில் கொடுத்தவர் நம் அப்போதைய ஜனாதிபதி பிரதிபா பாட்டில். அவர் பணியேற்ற சிகாகோவிலிருந்து அவரைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஹனோயில் உட்காரவைக்க முடியாது என்பதைப் புரிந்துகொண்ட வியட்நாமிய சர்க்கார், அதே 2010 இல் ஹனோயில் உயர்நிலைக் கணித நிலையம் ஒன்றை நிறுவி, அதன் விஞ்ஞானத் தலைமையை அவரிடம் ஒப்படைத்தது. அங்கே நிரந்தர ஆசிரியர் கூட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் வியட்நாமியர்களும், உள்நாட்டுக் கல்லூரிகளில் பாடப் பளுவில் அமுங்கிக் கிடக்கும் ஆசிரியர்களும் சில மாதங்கள் வந்து தங்கி, சேர்ந்து வேலை செய்துவிட்டுப் போகிறார்கள். என் சிநேகிதி அங்கே ஒரு பருவம் இருந்திருக்கிறாள். தன் ஊழியத்தில் முழு மனசோடு கணிதம் செய்த காலம் அதுவே என்று சொன்னாள். மற்ற சாஸ்திரங்களுக்கும் இதைப் போன்ற நிலையங்கள் பத்து இருந்தால், போனவர்கள் ஏன் வரவில்லை என்ற கேள்வியின் வேகம் தானே குறையும்.

நம் தேசத்துக்கும் வியட்நாமிய மாணாக்கர்கள் வருகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. டில்லி சர்வகலாசாலையின் பௌத்தக் கல்வித் துறையிலும், புதிய நாலந்தாவிலும், காவி உடுத்த வியட்நாமியப் பிக்ஷுக்களையும் பிக்ஷுணிகளையும் காணலாம். அவர்களை அனுப்புகிறவர்கள் மடாலயங்களும் உபாசகர்களும். அடகு வைக்க நிலம் எதுவும் அங்கே இல்லை. கிழக்குப் பிரயாணத்து மாணாக்கர்களைப் போல, ஒரு சமூகம் கூடிச் செலவு செய்து அனுப்பும் பழைய முறை இன்றும் உயிரோடிருப்பது இவர்களிடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ங்கே ஆன் மாகாணம்தான் என் சிநேகிதியின் பிறந்த ஊரும். விடுமுறைக்கு அவள் போகும்போதெல்லாம் அக்கம்பக்கத்துப் பெற்றோர்கள் கையில் காகிதத்தோடு வந்துவிடுவார்களாம். வெளிநாட்டு விஷயம் டீச்சருக்குத் தெரியும் என்று நம்பிக்கை. போகாதே என்று அவள் யாருக்கும் சொல்வதில்லை. சேரப்போகும் பள்ளி பட்டம் கொடுப்பதா, வெறும் மொழி வகுப்பா? முகவருக்குப் பணம் தருவது நாம் மட்டுமா, அந்தப் பள்ளியும் தருகிறதா? சட்டம் அனுமதித்த மணிக்கணக்கில் மட்டும் வேலை செய்தால் கடன் எத்தனை வருஷத்தில் தீரும்? இவற்றுக்கு முகவரிடம் எழுத்தில் பதில் வாங்கி வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவாள். மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் பதில் கொண்டுவந்த குடும்பம் இதுவரை ஒன்றுகூட இல்லை என்றாள்.

"அப்படியானால் அவர்கள் என்னதான் செய்வது?" என்று கேட்டேன்.

ஜெர்மனியைப் பற்றிச் சொன்னாள். அங்கே ஆஸ்பத்திரிகளில் மூன்று வருஷச் செவிலியர் பயிற்சிக்குச் சேர்கிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. பயிற்சிக் காலத்திலேயே மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் சம்பளம் உண்டு. இதற்கும் முகவர்கள் முளைத்துவிட்டார்கள், ஊருக்கு ஊர் வெவ்வேறு விலை சொல்கிறார்கள். ஆனால் மொழியை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் அவர்களைத் தாண்டி நேரே ஆஸ்பத்திரிக்கே விண்ணப்பம் எழுதலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் தகப்பனார் ஜப்பான் முகவருக்கு முன்பணம் கொடுக்க இருந்தவர், அதை நிறுத்திவிட்டாராம். அந்தப் பெண் இப்போது மாகாணத் தலைநகரான வின்னில் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். பி1 என்ற மொழிப் பரீட்சை தேற ஒரு வருஷம் ஆகலாம். அதுவரை காலையில் அம்மாவோடு சந்தையில் மீன் விற்கிறாள், பகலில் வகுப்புக்குப் போகிறாள். வகுப்புக் கட்டணம் அந்த மீன் விற்ற பணத்திலிருந்து மாதாமாதம் போகிறது.